காலில் சிரங்கு, கண்ணில் வீக்கம்

மாரி தொடங்கி மூன்று நான்கு கிழமை போனதும் வன்னியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே ஒருதரம் பாருங்கள். நுளம்பு கடித்துச் சொறிந்த இடம், வரம்பில் சறுக்கி உரஞ்சின இடம், சொறியில் நகம் பட்ட இடம் எல்லாம் தேன் நிறத்தில் அயறு கட்டியிருக்கும். அயறைத் தொட்டால் கீழே ஈரம். "சிரங்குதானே, வெயில் வரக் காயும்" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் காய்ந்தும் விடும். சிக்கல் அதில்தான். புண் காய்ந்து, வீட்டாரும் மறந்து, மூன்று முதல் ஆறு கிழமை கழித்து ஒரு காலையில் பிள்ளை கண்ணிமை வீங்கி எழும்பும். சலம் பிளேன்ரீ நிறத்தில் போகும். அந்த நேரம் காலில் இருப்பது ஒரு தழும்பு மட்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றாது.

சிறுநீரகம் என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். வவுனியாவிலும் அயலில் பதவியா, மதவாச்சிப் பக்கமும் கமக்காரரைப் பிடிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. அது வளர்ந்தவர்களில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் முற்றுவது. தொடக்கத்தில் வீக்கமும் இராது, சலத்தின் நிறமும் மாறாது. பிள்ளையில் திடீரென்று வரும் இது, சிரங்குப் புண்ணில் இருக்கும் ஸ்ரெப்டோகொக்கஸ் கிருமியின் பின்விளைவான கலன்கோள அழற்சி, அதாவது சிறுநீரகத்தின் வடியில் வரும் அழற்சி. 5 முதல் 12 வயதுக்குள் அதிகம், 2 வயதுக்குக் கீழ் அரிது. தொண்டைப் புண்ணுக்குப் பிறகும் வரும். அப்போது இடைவெளி ஒன்று முதல் மூன்று கிழமை. தோல் புண்ணுக்குப் பிறகுதான் இந்த நீண்ட இடைவெளி.

முதலில் புண். கழுவுவதற்கு உப்புத் தண்ணி: கொதித்த தண்ணி ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. தூள் உப்பென்றால் மட்டமாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி. கட்டி உப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்குப் பிழைக்கும், கட்டிகளுக்கு இடையில் வெற்றிடம் கிடப்பதால் நிறை குறையும்; இடித்துத் தூளாக்கி அளவுங்கள். மூடி ஆறவிட்டு, அன்றைக்கே பாவித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். வெறும் கொதித்தாறின தண்ணியும் சிரங்குக்குப் போதும். உப்புத் தண்ணி குறைவாக எரிக்கும், அவ்வளவுதான். குருதியின் உப்புச் செறிவோடு ஒத்துப்போவதால் திறந்த கலங்கள் ஊதவும் மாட்டா, சுருங்கவும் மாட்டா. எரியாவிட்டால் பிள்ளை நாளைக்கும் காலை நீட்டும். அது சின்ன விசயமில்லை.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்துக் காயப்போட்ட பழைய வேட்டித் துண்டை அந்தத் தண்ணியில் நனைத்து அயறின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். இடையில் ஒருமுறை திரும்ப நனைக்க வேண்டும், வன்னி வெக்கையில் துணி சீக்கிரம் காயும். பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல வழித்தால் அயறு ஊறி வழுகிக்கொண்டு வரும். வராத இடத்தைக் கிளறாமல் பின்னேரம் இன்னொருதரம் ஊறவையுங்கள். அயறை ஏன் எடுக்க வேண்டும்? கிருமி இருப்பது அதற்குக் கீழே, களிம்பு நிற்பது அதற்கு மேலே. நல்ல களிம்பை மூன்று நாள் பூசியும் பலனில்லை என்று வரும் புண்களில் அநேகமாக இதுதான் கதை.

கிணற்றுத் தண்ணி கல்லுத்தண்ணியென்றால் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பசையாகத் தோலில் படியும். அந்தப் படிவு காய்ந்து தோலை வறட்டும், பிள்ளை இன்னும் சொறியும். சவர்க்காரத்தைக் குறைத்து, அலசும் நேரத்தைக் கூட்டுங்கள். மாரியில் பீலித் தண்ணி பிடித்துக் கொதிக்க வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஊறின இடத்தை ஒற்றித் துடைத்துவிட்டு ஃபியூசிடிக் அமிலக் களிம்போ முபிரோசின் களிம்போ, இரண்டும் 2 சதவீதம், மெல்லிய படலமாக ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து முதல் ஏழு நாள். இரண்டாம் நாள் சிவப்புக் குறைந்ததும் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. இரண்டு மூன்று இடத்துக்கு மேல் புண் இருந்தால், காய்ச்சல் இருந்தால், கவட்டில் நெறி கட்டியிருந்தால், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கு இருந்தால் களிம்பு காணாது. வாயால் எடுக்கும் மருந்தோ ஊசியோ வேண்டும், அதை நிறை பார்த்து வைத்தியர்தான் எழுத வேண்டும். குளோக்சசிலின் தந்தால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால். "வெறும் வயிற்றில் மருந்து எரிக்கும்" என்று சோற்றுக்குப் பிறகு குடுத்தால் குருதிக்குப் போய்ச் சேரும் அளவு குறைந்துவிடும்.

கப்சூலை உடைத்துப் பவுடரைப் புண்ணில் தூவும் பழக்கம் இன்னும் போகவில்லை. பவுடரும் கசியும் நீரும் சேர்ந்து சீமெந்துபோல இறுகும், சிதல் கீழே தேங்கும். கோப்பித்தூள், பற்பசை, சாம்பல் எல்லாம் அதே வகை. ஸ்பிரிட்டும் நுரைக்கும் பெரொக்சைட்டும் கிருமியோடு புதிதாக முளைக்கும் தோல் கலங்களையும் சேர்த்துக் கொல்லும். வேப்பிலை அவித்த தண்ணியில் குளிக்க வார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது குளிப்புத்தான், மருந்தில்லை.

புண் ஒழுகும் காலம் முழுக்க மூடி வைக்க வேண்டும், இலையானுக்கும் பிள்ளையின் நகத்துக்கும். காய்ந்த கோஸ் துணி நேரே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது புதுத் தோலும் வரும். களிம்பு தடவின பக்கம் கீழே வர வையுங்கள். ஒட்டிவிட்டால் இழுக்காமல் பத்து நிமிடம் நனைத்து எடுங்கள். சேற்றில் நனைந்த கட்டு, கட்டே இல்லாததை விட மோசம். நனைந்த உடனே மாற்ற வேண்டும். மண் பட்ட ஆழக் காயமென்றால் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள்: 2, 4, 6 மாதம், 18 மாதம், 5 வயது ஊசிகள் விடுபட்டிருந்தால் காயம் கட்டும்போதே சொல்லுங்கள்.

சிரங்குக்கு அடியில் சொறி இருந்தால் மேலே சொன்னது எல்லாம் வீண். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, ஆண் பிள்ளைகளுக்குக் குறியில் இரவில் கூடும் கடி என்றால் அது சொறிப்பூச்சி. பெர்மெத்ரின் 5 சதவீதக் கிறீமைக் கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல், நகக்கண், தொப்புள், உள்ளங்கால் உட்பட, இரவில் பூசி 8 முதல் 14 மணித்தியாலம் விட்டுக் கழுவ வேண்டும். ஏழாம் நாள் திரும்பவும். கைக்குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டும், அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் அதே இரவு, கடி இல்லாத அப்பாவும் அம்மம்மாவும் சேர்ந்து. பூசிவிட்டுச் சாப்பிடக் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறப்பது, பூச்சி அதிகமாக இருப்பதும் கையில்தான். உடுப்பையும் போர்வையையும் சுடுதண்ணியில் தோயுங்கள், முடியாததைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். மனிதத் தோலை விட்டால் பூச்சி அதற்கு மேல் தாங்காது. கடி இரண்டு மூன்று கிழமை இருக்கும், அது பூச்சி இருப்பதற்கு அடையாளமில்லை. அதை நம்பாமல் நாளாந்தம் மருந்து பூசித் தோலைப் புண்ணாக்குகிறவர்களும் உண்டு.

இனிப் புண் எப்படிச் சிறுநீரகத்துக்குப் போகிறது என்ற பக்கம். கிருமி போவதில்லை. சலத்தைக் கிருமிச் சோதனைக்குப் போட்டால் ஸ்ரெப்டோகொக்கஸ் முளைக்காது. போவது கிருமியின் புரதங்களும் அவற்றுக்கு எதிராக உடல் செய்த பிறபொருளெதிரிகளும். இந்த வழி முழுக்க ஒரு நொதியம் திரும்பத் திரும்பக் குறுக்கே வரும்: பிளாஸ்மின். காயத்தில் கட்டின குருதி உறைவை வேலை முடிந்ததும் வெட்டிக் கரைக்க உடம்பு வைத்திருக்கும் கத்தரிக்கோல் அது. சாதாரணமாக உறையில் போட்டு, பிளாஸ்மினோஜன் என்ற பெயரில் குருதியில் சும்மா திரியும். ஸ்ரெப்டோகொக்கஸ் ஸ்ரெப்டோகைனேஸ் என்ற புரதத்தை விட்டு அந்த உறையைக் கழற்றும். எங்கள் உடம்பு கிருமியை அடைத்து வைக்கக் கட்டின வேலியை எங்கள் கத்தரிக்கோலாலேயே வெட்டிக்கொண்டு பரவும். 1933இல் டில்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கரைக்கும் குணத்தைக் கண்டதால்தான் பிறகு அதையே மாரடைப்புக்கு மருந்தாக்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் நெஞ்சுக்குத்தோடு வந்தவருக்கு ஏற்றி வந்த அந்த மருந்தும், மகனின் காலில் சிரங்கைப் பரப்பும் பொருளும் ஒரே வகை.

அடுத்த இடம் கலன்கோளம், சிறுநீரகத்தின் வடி. கிருமியின் புரதங்களில் ஒன்று அங்கே போய்ப் படியும். அது பிளாஸ்மினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். அதை முதலில் பிரித்துக் காட்டியவர்கள் யப்பானிய ஆய்வாளர்கள். அங்கே மாட்டின கத்தரிக்கோல் வடியின் மென்சவ்வையே அரிக்கும், பிறபொருளெதிரிகள் வந்து குவியும், வெண்கலங்கள் நெரியும். வடி அடைபடும், ஓட்டையும் விழும். அடைபட்டதால் வடிந்து வரும் நீர் குறையும். ஓட்டையால் செங்கலமும் புரதமும் சலத்துக்கு வரும். நிறம் மாறுவது அதனால்.

வீக்கம் வருவதற்கு இது மட்டும் காணாது. வடிக்குக் கீழே நீண்ட குழாய் இருக்கிறது. வடிந்த உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் அந்தக் குழாயின் கலங்கள் திருப்பி உள்ளே எடுத்துவிடும். வரத்துக் குறைந்தும் கடைசி வயல்காரன் மடையை அடைக்காமல் முன்போலவே இறைத்தால் வாய்க்கால் நுனிக்கு என்ன போய்ச் சேரும்? அதேதான். கடைசிப் பகுதியான சேர்க்கும் கானில் உப்பை உள்ளே விடுவது கலமென்சவ்வில் பதிந்த ஒரு புரத வாயில், ஆய்வுகூடத்தில் ஈநாக் என்பார்கள். மூன்று துண்டுகள் சேர்ந்தது: அல்பா, பீற்றா, காமா. 1990களின் தொடக்கத்தில் சுவிற்சலாந்தின் லோசான் நகரத்துக் குழு மூன்றின் மரபுத் தொடரையும் கண்டுபிடித்தது. திறந்திருக்கும்போது ஒரு வாயிலின் கடத்துத்திறன் 5 பிக்கோசீமன் அளவு. 100 மில்லிவோல்ற்றில் வைத்தால் அரைப் பிக்கோஅம்பியர் ஓட்டம், அதாவது ஒரு செக்கனுக்குச் உப்பிலுள்ள சோடியம் அயன்கள் சுமார் 30 இலட்சம்.

இவ்வளவு சின்ன ஓட்டத்தை அளப்பது நேர், சக்மன் என்ற இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள் 1976இல் காட்டிய வழியில். அதற்கு 1991இல் நோபல். ஒரு மைக்ரோமீற்றர் அளவு வாயுள்ள கண்ணாடிக் குழாயைக் கலத்தின் மேல் முட்டவைத்து மெல்ல உறிஞ்சினால் மென்சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தின் மின்தடை ஒரு கிகாஓமுக்கு (நூறு கோடி ஓம்) மேல் இருக்க வேண்டும். குறைந்தால் கசியும் ஓட்டம் வாயிலின் ஓட்டத்தை மூழ்கடிக்கும். ஒருதரம் கலத்தில் முட்டின குழாயை இரண்டாம் தரம் பாவிக்க முடியாது, நுனியில் ஒட்டின அழுக்கு போதும் ஒட்டாமல் விட. ஈநாக்கைப் பார்க்க அதிகம் பாவிப்பது ஆபிரிக்கத் தவளையின் முட்டை, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். மூன்று துண்டின் ஆர்என்ஏயையும் (புரதத்தைச் செய்யக் கலத்துக்குச் சொல்லும் குறிப்பு) ஊசியால் ஏற்றி ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். வைக்கும் திரவத்தில் சோடியம் கூடினால் வாயில்கள் திறந்து முட்டைக்குள் உப்பு நிறைந்து முட்டை செத்துவிடும். ஆகவே சோடியத்தைக் குறைப்பார்கள், அல்லது அமிலோரைட் மருந்தால் வாயிலை அடைத்து வைப்பார்கள். குழாயை ஒட்டவைக்க முன் முட்டையின் வெளிச்சவ்வை இடுக்கியால் உரிக்க வேண்டும். உரிப்பதில் முட்டை கிழிந்து போவது நாளாந்தக் கதை. 

அமிலோரைட் போட்டதும் எவ்வளவு ஓட்டம் விழுகிறதோ அவ்வளவுதான் ஈநாக்கின் பங்கு. 2009இல் டென்மார்க் ஆய்வாளர்கள், புரதம் கொட்டும் சிறுநீரக நோயாளர்களின் சலத்தை இந்த முட்டைகளில் விட்டுப் பார்த்தபோது ஓட்டம் ஏறியது. ஏற்றிவிட்ட பொருளைப் பிரித்துப் பார்த்தால், பிளாஸ்மின். ஓட்டை விழுந்த வடியால் பிளாஸ்மினோஜன் சலத்துக்கு வந்து, குழாயில் உறை கழன்று, காமாத் துண்டின் ஒரு பகுதியை நறுக்கிவிடுகிறது. நறுக்கின வாயில் கூட நேரம் திறந்திருக்கும், உப்பு மேலும் உள்ளே போகும். அவர்கள் எடுத்தது நெஃப்ரோட்டிக், அதாவது சலத்தில் மிக அதிகமாகப் புரதம் கொட்டும் நோயாளரின் சலம். சிரங்குக்குப் பின்வரும் அழற்சியில் புரதம் அவ்வளவு கொட்டாது. வடி அடைபடுவதுதான் இங்கே முதல் காரணம். ஆனாலும் புண்ணில் பார்த்த கத்தரிக்கோலைக் குழாயின் நுனியில் திரும்பப் பார்ப்பது எனக்கு அலுக்காத ஒன்று.

அப்படியானால் அமிலோரைட்டையே குடுத்தால் என்ன? அந்த வாயிலை அடைத்தால் அதற்குப் பக்கத்தில் பொற்றாசியம் வெளியேறும் வாயிலும் வேலை நிறுத்தும். வடி அடைபட்ட பிள்ளைக்கு ஏற்கெனவே பொற்றாசியம் தேங்கும்; இன்னும் ஏறினால் இதயத் துடிப்புக் குழம்பும். அதனால்தான் விடுதியில் முதலில் கைக்கு வருவது ஃபுரோசமைட். அது வேறு இடத்தில், குழாயின் நடுவளைவில் வேலை செய்யும், பொற்றாசியத்தையும் வெளியே தள்ளும்.

இதே காரணத்தால் இளநீர் வேண்டாம். "சலக்கடுப்பு, சூடு" என்று வீட்டில் முதலில் வெட்டுவது அதைத்தான். 100 மில்லிலீற்றர் இளநீரில் 250 மில்லிகிராம் அளவு பொற்றாசியம். ஒரு குரும்பையில் 300 மில்லிலீற்றர் இருந்தாலே 750 மில்லிகிராம். நல்ல சிறுநீரகத்துக்கு அது ஒன்றுமில்லை. சலம் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து. வாழைப்பழத்தையும் வைத்தியர் சொல்லும் வரை நிறுத்துங்கள். டைக்ளோபெனக், ஐபுபுரோபன் வேண்டவே வேண்டாம், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்.

உப்புக் கணக்கு இன்னும் எளிது. 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால் அதோடு ஒரு லீற்றர் தண்ணியும் தங்கும். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 6 கிராம், அதாவது முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைய. 20 கிலோப் பிள்ளைக்கு அது முகம் ஊதவும் பிரஷர் ஏறவும் போதும். தண்ணியை மட்டும் குறைத்து உப்பைக் குறைக்காமல் விட்டால் பிள்ளை தாகத்தில் அழும், நீங்களும் இரங்கிக் குடுப்பீர்கள். கருவாடு, மிக்சர், பைக்கற் நூடில்ஸ், ஊறுகாய், சம்பல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சொதி உப்பில்லாமல் வைத்து மற்றவர்கள் தங்கள் கோப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

சலத்தை அளவுங்கள். அரை லீற்றர் தண்ணிப் போத்தலில் பேனையால் 50 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு போட்டால் போதும். 20 கிலோப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 480 மில்லிலீற்றர் அளவு போக வேண்டும்; 240க்குக் கீழே போனால் சிறுநீரகம் தடுமாறுகிறது. விடுதியில் நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று சொல்வதும் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான்: நேற்றுப் போன சலமும், மூச்சிலும் தோலிலும் போகும் நீருக்காக இந்த நிறைக்கு 320 மில்லிலீற்றர் வரையும். நிறையை ஒவ்வொரு நாளும் காலையில், சலம் போன பிறகு, அதே தராசில், அதே உடுப்போடு பாருங்கள். வீக்கத்தைக் கண் மதிப்பதை விடத் தராசு நம்பகம்.

தலையிடி, சத்தி, கண் மங்கல், வலிப்பு, படுத்தால் மூச்சு வாங்குதல், இதில் எது கண்டாலும் விடியும்வரை பார்க்க வேண்டாம். ஏறின பிரஷர் மூளையையும் நுரையீரலையும் தொட்டிருக்கும். 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். பிளேன்ரீ நிறச் சலம், காலில் புண் இருந்தது, எத்தனை கிழமை முன் என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள்.

சலப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து பாணிப் போத்தலில் கொண்டு போகாதீர்கள். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் போனால், அழற்சியைக் காட்டிக்குடுக்கும் செங்கல அச்சுகள் (குழாயின் வடிவில் இறுகி வரும் செங்கலக் கட்டிகள்) கரைந்துவிடும், பாணியின் சீனி நீரிழிவு என்று காட்டவும் கூடும். அங்கே போய்ப் புதிதாகக் குடுங்கள். குருதியில் சீ3 என்ற புரதம் விழுந்திருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், திசுப் பரிசோதனை வரை போகும். தொண்டைக் கிருமிக்குப் பார்க்கும் ஏஎஸ்ஓ அளவு தோல் புண்ணுக்குப் பிறகு சாதாரணமாகவே இருக்கலாம், அதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது.

பெரும்பாலான பிள்ளைகள் முழுக்கச் சுகப்படுவார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்றிரண்டு கிழமையில் தெளியும், நுணுக்குக்காட்டியில் தெரியும் செங்கலம் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கலாம். அதுவரை கிளினிக்கை விடக்கூடாது, பிரஷரும் பார்க்க வேண்டும். புண்ணுக்கு மருந்து குடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அழற்சி வராது என்று உறுதி சொல்ல முடியாது. கிருமி அடுத்த பிள்ளைக்குப் போவதை அது நிறுத்தும். ஒரு பிள்ளைக்கு வந்த வீட்டில் வெளியே ஒன்றும் காட்டாமல் சலத்தில் மட்டும் செங்கலம் போகும் பிள்ளை இன்னொன்று இருப்பது வழமை. ஆகவே விடுதியில் நிற்கும்போதே, அதே பாயில் படுக்கும் தம்பி தங்கையின் காலையும் பாருங்கள், சலத்தையும் ஒருதரம் குடுத்துப் பாருங்கள்.